விருப்பமின்மைச் சான்றிதழ்

வயரிங்காரரின் குடும்பம் புது நாட்டில் குடியமரத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாக ஒரு கடிதம் வந்தது. எந்த நாடு என்று தெரிந்துகொள்ள இரண்டாம் பக்கத்தைப் பார்க்கவும் என்று போட்டிருந்தது. உறைக்குள் இரண்டாம் பக்கம் இல்லை.

வயரிங்காரர் உறையை நாலு பக்கமும் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த அகதி முகாமுக்கு அவர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வந்த முதல் வாரமே தண்ணீர் மோட்டார் அறையில் புகைந்துகொண்டிருந்த வயரை மாற்றிக் கொடுத்ததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு முகாமில் எரிகிற பல்பெல்லாம் அவர் கைபட்டது, எரியாத பல்பெல்லாம் அலுவலகத்தின் கைபட்டது என்று ஆகிவிட்டது.

"ஒன்பது வருஷமா கண்டுக்காதவங்க இப்ப எதுக்குக் கூப்பிடறாங்க?" என்றார்.

"வேற யாரையோ கூப்பிட்டிருப்பாங்க. தப்பி நம்ம வீட்டுக்கு வந்திருக்கும்," என்றாள் மனைவி. "வாயைத் திறக்காம போயிடலாம்."

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் திருப்பினாள். வயரிங்காரருக்கு அவள் பத்து வயது மூத்தவள். புருஷன் போன பிறகு தம்பியோடேயே இருப்பவள். இடது காது கேட்காது என்பதால் எந்த முக்கியமான பேச்சுக்கும் வலது காதைத் திருப்பிக்கொள்வாள்.

"அதுல என் பேரு இருக்கா பாரு, தம்பி."

இருந்தது. குடும்பத் தலைவர், மனைவி, மகள், கூடுதல் நபர்.

"கூடுதல்னா நானா?"

"ஆமாக்கா."

"கூட்டத் தெரிஞ்சவங்களுக்குக் கழிக்கவும் தெரியுமே," என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி துணியை எடுத்தாள்.

போவதற்கு முன்னால் பன்னிரண்டு நாள் பயிற்சி கட்டாயம். முகாமின் கடைசியில் இருந்த பழைய சிமென்ட் கிடங்கில் ஆயத்த மையம் நடந்தது. வாசலில் ஒருமுறை, படியில் ஒருமுறை, வகுப்பறைக் கதவில் ஒருமுறை என்று மூன்று இடத்தில் எல்லோரையும் தடவிச் சோதித்தார்கள். மூன்று இடத்திலும் தடவியது ஒரே ஆள்தான். ஒவ்வொரு முறையும் முன்னால் ஓடிப்போய் நின்றுகொண்டார்.

முதல் நாள் இயக்குநர் அம்மா வரவேற்றுப் பேசினார். கழுத்தில் இரண்டு அடையாள அட்டை. ஒன்று அவர் யாரென்று சொன்னது, மற்றது முதல் அட்டை உண்மையானது என்று சொன்னது.

"அன்பான பங்கேற்பாளர்களே, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்களை நாங்கள் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் ஒரே தடவை சோதித்து வெளியே அனுப்பியிருப்போம். நம்புவதால்தான் மூன்று தடவை சோதிக்கிறோம். ஒவ்வொரு தடவையும் எங்கள் நம்பிக்கை வீண்போகவில்லை என்று தெரிந்து மகிழ்கிறோம். இந்த மையம் தொடங்கி ஆறு வருடங்களில் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களை ஆயத்தப்படுத்தியிருக்கிறோம். அவற்றில் ஏழு குடும்பங்கள் போயும்விட்டன. மற்ற குடும்பங்கள் இன்றும் ஆயத்த நிலையிலேயே இருக்கின்றன. இது சாதாரணச் சாதனை இல்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாதவர்களின் பெயரை வாசலில் தடவிய ஆள் குறித்துக்கொண்டார்.

பாடம் நடத்தியவர் இளம் பயிற்றுநர் ஒருவர். பளபளப்பான படஅட்டைகளைக் கயிற்றில் கோத்து மாலையாகப் போட்டிருப்பார். முதல் பாடம், வரிசையில் நிற்பது எப்படி. தரையில் சுண்ணாம்பால் பாதங்கள் வரைந்து, ஒவ்வொருவரையும் ஒரு பாதத்தின் மேல் நிற்கச் சொன்னார். அக்கா தன் செருப்பைக் கழற்றி ஒரு பாதத்தின் மேல் வைத்துவிட்டு, போய் நிழலில் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, செருப்பு நிக்கக்கூடாது. நீங்க நிக்கணும்."

"ஒன்பது வருஷமா ரேஷன் வரிசையில என் செருப்பு நின்ன அளவுக்கு நானே நின்னதில்ல, தம்பி. அதுக்குத்தான் பழக்கம்."

பயிற்றுநர் கையேட்டைப் புரட்டினார். செருப்பைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அதனால் செருப்புக்கும் வருகைப் பதிவு போட்டார்.

நாலாம் நாள்தான் நாட்டின் பெயரைச் சொன்னார்கள். வயரிங்காரரின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சுவரில் தொங்கிய வரைபடத்தில் அவள் அதைத் தேடிப் பிடித்தாள். கட்டைவிரலை வைத்தால் மறைந்துபோகிற அளவுதான் இருந்தது. அன்றைக்குப் பேருந்தில் ஏறும் பாடம். எட்டு நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு, முன்னால் ஒரு ஸ்டூலில் பயிற்றுநர் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

"அந்த ஊர் பஸ்ல நீங்க போயிருக்கீங்களா சார்?" என்று கேட்டார் வயரிங்காரர்.

பயிற்றுநர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மூணு தடவை மனு போட்டேங்க. மூணு தடவையும் திருப்பிட்டாங்க. காரணம் சொல்லல."

"பயிற்சி எடுக்கலன்னு இருக்குமோ?"

"நான்தானேங்க பயிற்சியே கொடுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு இல்லாத பிரேக்கை மிதித்தார். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். சாயாதவர்களுக்குப் பாதி மதிப்பெண்.

வம்பு வந்தது ஆறாம் நாளில். கிடங்கின் பின்பக்கம் ப்ளைவுட்டில் ஒரு மாதிரி வீடு கட்டி வைத்திருந்தார்கள். குழாய் உண்டு, தண்ணீர் இல்லை. அடுப்பு உண்டு, நெருப்பு இல்லை. ஜன்னலைத் திறந்தால் பின்னால் சுவர். ஒவ்வொரு குடும்பத் தலைவரும் உள்ளே போய், விளக்கைப் போட்டு, அணைத்து, நன்றி சொல்லிவிட்டு வெளியே வரவேண்டும்.

வயரிங்காரர் ஸ்விட்சைத் தட்டினார். எரியவில்லை. ஸ்விட்ச் பெட்டியை லேசாக நெம்பினார். பின்னால் வயரே இல்லை.

"சார், இதுக்கு லைன் வரல."

"எரிஞ்ச மாதிரி நினைச்சுக்கங்க."

"நினைக்கலாம் சார். ஆனா நான் அணைச்சது எப்படித் தெரியும்?"

பயிற்றுநர் மறுபடி கையேட்டைப் புரட்டினார். மதிப்பீட்டுத் தாளில் 'குறை காணும் மனப்பான்மை' என்ற கட்டத்தில் ஒரு குறி விழுந்தது.

வயரிங்காரருக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. மறுநாள் காலையில் பதினைந்து நிமிடம் முன்னதாகவே போனார். மையத்தின் மூலையில் ஒரு வயர்ச் சுருள் கிடந்தது. வாசலில் இருந்து ஒரு லைன் இழுத்தார், ஹோல்டர் மாட்டினார், பல்பு போட்டார். மாதிரி வீடு ஆறு வருடத்தில் முதல் தடவையாக வெளிச்சமானது. உள்ளே அவ்வளவு தூசி இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பத்து மணிக்கு இயக்குநர் அம்மா வந்து வெகுநேரம் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வயரிங்காரரைத் தன் அறைக்கு வரச்சொன்னார்.

"பயிற்சி முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அதற்குள் நீங்கள் அனுமதி இல்லாமல் ஒருங்கிணைந்துவிட்டீர்கள்."

"லைட்டு போட்டேன் மேடம். அவ்வளவுதான்."

"அதைத்தான் சொல்கிறேன். நானூற்றுப் பன்னிரண்டு குடும்பத் தலைவர்கள் அந்த ஸ்விட்சைத் தட்டியிருக்கிறார்கள். ஒருவர்கூட அது எரியவில்லை என்று சொன்னதில்லை. அந்த நாட்டு விளக்கு எப்படி எரியும் என்று உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? ஏற்கெனவே அங்கே இருந்துவிட்டு வந்தவரா? அல்லது நீங்கள் சொல்கிற ஆளே நீங்கள் இல்லையா?"

எந்த ஊரிலும் விளக்கு ஒரே மாதிரிதான் எரியும் என்று வயரிங்காரர் சொல்ல வாயெடுத்தார். அதுவும் ஒரு தகவல் என்று எழுதிக்கொள்வார்களோ என்று மூடிக்கொண்டார்.

குடும்பத்துக்குக் கூடுதல் சரிபார்ப்பு என்று முடிவானது. நாலு பேரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். காலையில் முதலில் எழுவது யார்? கதவோரம் படுப்பது யார்? வீட்டில் முடிவெடுப்பது யார்? முடிவு கேட்கப் போனபோது இயக்குநர் அம்மாவின் முகம் இறுகியிருந்தது.

"நாற்பது கேள்வி. நாலு பேர். அத்தனை பதிலும் ஒன்றுபோல இருக்கிறது."

"அப்ப பாஸ்தானே மேடம்?" என்றாள் மனைவி.

"முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்."

"ஒரே ரூம்ல ஒன்பது வருஷம் இருந்தோம்," என்றார் வயரிங்காரர். "வேற பதில் எங்கேருந்து வரும்?"

"நானும் என் கணவரும் இருபது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். வீட்டில் முடிவெடுப்பது யார் என்று எங்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு பதில் வரும். அந்த இரண்டு பதிலும் மறுநாள் மாறும். குடும்பம் என்றால் அப்படி இருக்கும். உங்கள் நாலு பேரையும் பார்த்தால் யாரோ சேர்த்துவைத்த மாதிரி இருக்கிறது. ஒரு நாள் அவகாசம் தருகிறேன். இயல்பான வேற்றுமையோடு வாருங்கள்."

அன்று சாயங்காலம் நாலு பேரும் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். இயல்பான வேற்றுமையை எங்கே ஆரம்பிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. மகள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அதிகாரி ஆனாள்.

"அத்தைகிட்ட உங்களுக்குப் பிடிக்காதது என்ன?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லையே."

"அப்படிச் சொன்னா பெயில்மா."

"சும்மா சொல்லு," என்றாள் அக்கா, வலது காதைத் திருப்பிக்கொண்டு. "பாடத்துக்குத்தானே."

மனைவி யோசித்தாள். "அண்ணி உப்பு டப்பாவை மூடவே மாட்டாங்க. ஈரமாயிடும்."

மகள் எழுதினாள். "அப்புறம்?"

"நான் பெருக்கின இடத்தை மறுபடியும் பெருக்குவாங்க."

"நீ மூலையை விட்டுடுவே," என்றாள் அக்கா.

"பாத்தியா? அதான். யாராவது வந்தா நான் பேசறதுக்குள்ள அவங்க பேசிடுவாங்க. இவர் செருப்பைக் கழட்டினதும் முதல்ல அக்காவைத்தான் தேடுவார்." குரல் பாடத்திலிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தது. அது அவளுக்கே தெரிந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. "ஒன்பது வருஷம். என் பொண்ணுக்குத் தலை வாரி விடற வேலைகூட எனக்குக் கிடைக்கல. காலையில நான் எழுந்து பாத்தா பின்னல் போட்டு முடிஞ்சிருக்கும்."

மகளின் பேனா நின்றுவிட்டது. வயரிங்காரர் எழுந்து, சரியாக எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அந்த அரை இருட்டில் அக்கா சொன்னாள்:

"நல்லாத்தான் சொன்னே. அதிகாரிகிட்டயும் இப்படியே சொல்லு."

மறுநாள் காலையில் மகள் தலை வாராமல் வகுப்புக்குப் போனாள். அக்கா தொடவில்லை. இனிமேல் தொடலாமா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது விசாரணையில் நாற்பது கேள்வி இல்லை. ஒன்றே ஒன்றுதான். இயக்குநர் அம்மாவே கேட்டார்.

"உதாரணத்துக்குத்தான். விமானத்தில் மூன்று இருக்கை மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரை விட்டுவிட்டுப் போவீர்கள்?"

"நாலு பேர்னு கடிதத்துல போட்டிருக்கே மேடம்?"

"வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்."

"மூணுதான்னு ஏதாவது முடிவாயிடுச்சா?"

"இது முன்னுரிமைக் கேள்வி. பதில் ரகசியம். முடிவு அறிவிக்கும் அன்று மட்டும் எல்லோர் முன்னாலும் வாசிப்போம்."

வயரிங்காரர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். பதிலைச் சொன்னார். இயக்குநர் அம்மா எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது அடுத்ததாக மனைவி எழுந்து உள்ளே போனாள். கடந்து போகும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். மனைவி மூலைகளை அழுத்திப் பெருக்கினாள். அக்கா உப்பு டப்பாவை இறுக்கி மூடினாள், அடுத்த வேளை அதைத் திறக்க வயரிங்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது. மனைவி என்ன சொல்லியிருப்பாள் என்று வயரிங்காரருக்குச் சந்தேகம். புருஷன் அக்காவைச் சொல்லியிருக்க மாட்டார், தன் பெயரைத்தான் சொல்லியிருப்பார் என்று மனைவிக்குச் சந்தேகமே இல்லை. அக்கா தன் இரண்டு புடவையையும் தட்டையும் போர்வையையும் எடுத்துத் தனியாக ஒரு மூட்டை கட்டினாள்.

"அது எதுக்குக்கா தனியா?"

"கலந்து கிடந்தா அப்புறம் பிரிக்கக் கஷ்டம்," என்றாள். வயரிங்காரர் அந்த மூட்டையை அவிழ்க்கவும் இல்லை, அவிழ்க்கச் சொல்லவும் இல்லை. அதற்காக வெகுநாள் வெட்கப்பட்டார்.

பன்னிரண்டாம் நாள் முடிவு. மற்ற குடும்பங்களும் பின்னால் உட்கார்ந்திருந்தன. இயக்குநர் அம்மா கோப்பைத் திறந்தார்.

"வெளிப்படைத்தன்மை எங்கள் உயிர். எனவே ரகசிய பதில்களை இப்போது வாசிக்கிறேன். யாரை விட்டுவிட்டுப் போவீர்கள் என்ற கேள்விக்குக் குடும்பத் தலைவரின் பதில்: 'என்னை.'"

அக்கா சட்டென்று வலது காதைத் திருப்பினாள்.

"கூடுதல் நபரின் பதில்: 'என்னை விட்டுட்டுப் போகட்டும், எனக்குக் காதும் கேட்கல.' மனைவியின் பதில்: 'நான் இருந்துக்கறேன். அண்ணி கூடப் போனாத்தான் பொண்ணு வேளைக்குச் சாப்பிடுவா.' மகளின் பதில்..." இயக்குநர் அம்மா தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். "'இந்தக் கேள்வியை சாய்ஸில் விட்டுவிட்டேன்.'"

பின்னால் யாரோ சிரித்தார்கள். தடவுகிற ஆள் எழுந்து யாரென்று பார்த்தார்.

அக்கா பக்கத்தில் இருந்த தம்பி மனைவியை முழங்கையால் இடித்தாள். "ஏன்டி, உனக்கு அறிவிருக்கா? பெத்தவ நீ இருந்துட்டு நான் எதுக்குப் போகணும்?"

"நீங்க மட்டும் உங்க பேரைச் சொல்லலாமோ?" என்றாள் மனைவி. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எல்லாத்துலயும் முந்திக்கணும் உங்களுக்கு."

"அமைதி," என்றார் இயக்குநர் அம்மா. "பதில்களை மையம் கவனமாக ஆராய்ந்தது. பெரியவர்கள் மூன்று பேரும் தாங்கள் இங்கேயே இருந்துவிடுவதாகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மூன்று பேருக்கும் போக விருப்பமில்லை. மகளுக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் சிறுமி தனியாகப் போக விதியில் இடமில்லை. எனவே இந்தக் குடும்பம் விருப்பமற்ற குடும்பம் என்று சான்றளித்துக் கோப்பை முடிக்கிறேன்."

"மேடம், எங்களுக்குப் போகணும்," என்றார் வயரிங்காரர்.

"இப்போது சொல்கிறீர்கள். ரகசியமாகக் கேட்டபோது சொல்லவில்லையே? நாங்கள் எதை நம்புவது?"

வீட்டுக்குப் போகிற வழியில் மனைவியும் அக்காவும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். மூலை, உப்பு, பின்னல் எதையும் விடவில்லை. மூன்று நாள் மரியாதைக்குப் பிறகு அதைக் கேட்க வயரிங்காரருக்குக் காதுக்கு இதமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் மகளை நடுவில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கமாகப் பின்னினார்கள். ஒரு பின்னல் மேலே ஏறியும் ஒன்று கீழே இறங்கியும் இருந்தது. மகள் அதை அவிழ்க்கவே இல்லை.

ஐந்து வாரம் கழித்துத்தான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. புது நாட்டிலிருந்து மையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. இயக்குநர் அம்மா அதை நாலு தடவை படித்தாராம். சுருக்கம் இதுதான்: 'எங்கள் நாட்டுக்கு வரத் துடிப்பவர்களையே நாங்கள் மிகுந்த எச்சரிக்கையோடு பார்க்கிறோம். இதுவரை உங்கள் மையம் பரிந்துரைத்த எல்லாக் குடும்பங்களும் வர விரும்பின. அதனால்தான் தாமதம். வர விருப்பமில்லை என்று நீங்கள் சான்றளித்த முதல் குடும்பம் இது. இவர்களிடம் உள்நோக்கம் இருக்க வாய்ப்பில்லை. உடனே அனுப்பவும்.'

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. பயணத்துக்கு முன் விருப்பமின்மைச் சான்றிதழில் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். பிற்பாடு எந்தக் கட்டத்திலாவது விருப்பம் ஏற்பட்டதாகத் தெரியவந்தால் அனுமதி ரத்து.

"இது ஏதாவது பொறியா இருக்குமோ?" என்றாள் மனைவி.

"பொறின்னாலும் நாலு பேருக்கும் சேத்துத்தானே வெச்சிருக்காங்க," என்றாள் அக்கா. "போடு கையெழுத்தை."

கிளம்புகிற காலையில் மையத்தின் முன்னால் பேருந்து நின்றது. இது நிஜப் பேருந்து. பயிற்றுநர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து இருக்கைகளை எண்ணிப் பார்த்தார். நாலு பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். இயக்குநர் அம்மா பேசினார்.

"இந்தக் குடும்பம் இங்கே வந்தபோது அவர்கள் கண்ணில் ஆசை இருந்தது. நானே பார்த்தேன். பன்னிரண்டே நாளில் அந்த ஆசையை அடியோடு போக்கியிருக்கிறோம் என்றால் அது எங்கள் பயிற்சியின் வெற்றி. அடுத்த மாதம் முதல் எல்லாக் குடும்பங்களுக்கும் இதே தரத்தில் விருப்பமின்மையை உண்டாக்கப் போகிறோம் என்று பெருமையோடு அறிவிக்கிறேன்."

கை தட்டினார்கள். விருப்பமில்லாதவர்கள் தட்டலாமா கூடாதா என்று தெரியாததால் வயரிங்காரரின் குடும்பம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

பேருந்து கிளம்பியது. முகாமின் வேலி ஜன்னலை ஒட்டியே ஓடிக்கொண்டு வந்தது. ஓரிடத்தில் அது நின்றுவிட்டது, பேருந்து மட்டும் போய்க்கொண்டிருந்தது. மகள் எழுந்து பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மனைவிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அக்காவும் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாதபடி அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். பார்த்தவர் பார்வையை எடுக்கவில்லை.

வயரிங்காரர் சட்டென்று முன்னால் சாய்ந்தார்.

"ஒண்ணுமில்லைங்க," என்றார். "போக இஷ்டமில்ல. அதான் அழறாங்க."